லைன் வீட்டுக்கு வந்த பசி

சிங்காநல்லூர்க் குளத்துக்குத் தெற்கே, பழைய மில் மதிலை ஒட்டி, ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் சுவருக்குச் சுவர் பங்கு வைத்துக்கொண்டு நின்ற லைன் வீடுகளில், கடைசி வீட்டில் குடியிருந்த தாரணியின் பசி ஆடி மாசத்தில் ஒருநாள் அவளை விட்டு இறங்கிப்போய் அக்கம்பக்கத்தார் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. அதற்காக இடி இடிக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை. அன்றைக்கும் பொதுக்குழாயில் தண்ணீர் வந்தது, அன்றைக்கும் முதல் வீட்டுச் சரோஜாவின் கிரைண்டர் விடியும் முன்னால் கடகடவென்று ஓடத் தொடங்கியது, அன்றைக்கும் மில் சங்கு ஊதியது. பசி மட்டும் வீடு மாறியது.

தாரணி பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் கல்லூரி. கல்லூரி விட்டதும் அப்படியே பஸ் ஏறிப்போய், ஏதோ ஒரு இன்டர்நெட் கம்பெனிக்காகப் புகார் போன்களை எடுத்துப் பேசுகிற ஆபீஸில் நடுச்சாமம் வரை வேலை. நெட்டு வரவில்லை என்று யார் யாரோ எந்தெந்த ஊரிலிருந்தோ அவளை ஏசுவார்கள், அவள் சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்பாள், அவர்கள் மறுபடி ஏசுவார்கள், அவள் மறுபடி மன்னிப்புக் கேட்பாள். அம்மா அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா தங்கவேலுக்கு மில்லில் ஷிப்டு வேலை. மகள் வரும்போது அப்பா போயிருப்பார், அப்பா வரும்போது மகள் போயிருப்பாள், அவர் ஆக்கி மூடி வைத்த சோற்றை அவள் தின்பாள், அவள் துவைத்து மடித்து வைத்த சட்டையை அவர் போட்டுக்கொள்வார். ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் சட்டையாலும் சோற்றாலும்தான் அறிந்திருந்தார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் அவள் எப்போது பெருத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்கால இடைவேளையில் ஆபீஸ் வாசல் வண்டிக்கடைக் காளான், கூட ஒரு கலர் சோடா, போனுக்கு நடுநடுவே பிஸ்கட், வீட்டுக்கு வந்து ஆறின சோறு, சோறு தின்ற பிறகும் தூக்கம் வராமல் மிக்சர் என்று வந்தது, போனது எல்லாம் உடம்பில் தங்கிவிட்டது. கல்லூரி மாடிப்படி ஏறினால் முழங்கால் தெறித்தது. டாக்டரிடம் போனாள். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "எடையைக் குறைக்கணும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்க நேரம் ஏது? சாப்பிடாமல் இருப்பதற்கு நேரமே தேவைப்படாது என்பதால் அவள் சாப்பிடாமல் இருந்துவிட்டாள்.

பசி முதலில் கத்தியது, அவள் டீயைக் குடித்து வாயை அடைத்தாள். பிறகு கெஞ்சியது, அவள் காதில் மாட்டிய போனில் அடுத்தவர் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசாமல் ஒரு மூலையில் சுருண்டு படுத்தது. முகம் கொடுக்காத வீட்டில் எந்த விருந்தாளிதான் எத்தனை நாள் தங்குவான்? ஒருநாள் எழுந்து போய்விட்டது.

அது முதலில் போனது சரோஜாவிடம். சரோஜா இட்லி மாவு ஆட்டி விற்கிறவள், முதல் வீட்டுக்காரி, எதையும் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறவள். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, கழுவின கையின் ஈரம் காய்வதற்குள் அவளுக்கு மறுபடி பசித்தது. சட்டியைத் திறந்து இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள். நடுவீட்டு ரங்கசாமி டெய்லர் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர், ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத் தட்டைத் தேடிப்போனார். கடைசிக்கு முந்தின வீட்டில் பழனிசாமி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதிக்குப் பயந்து வருஷக்கணக்காகக் கோதுமை தோசையும் கீரையுமாகக் காலம் தள்ளியவர். அவர் அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவி ருக்குமணியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப்போய், இதுவரை பார்த்தேயிராத ஒரு வண்டிக்கடை முன்னால் நின்று, "வெங்காயம் தூக்கலாப் போடுங்க, சிப்ஸை நொறுக்கி மேல தூவுங்க" என்று பலநாள் பழகியவர்போலக் கேட்டு வாங்கித் தின்றார். தின்று முடித்து வாயைத் துடைக்கும்போதுதான் தான் எங்கே வந்திருக்கிறோம் என்றே அவருக்கு உறைத்தது.

மறுநாள் குழாயடியில் பேச்சு வந்தது.

"ஏனுங்க, எனக்கு நேத்துப் பசிச்சது நம்மூட்டுப் பசி மாதிரியே இல்லீங்க" என்றாள் சரோஜா. "சோத்தைப் போட்டாலும் கேக்கல. காளான் வேணும், காளான் வேணும்னுது."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் ரங்கசாமி. "நான் ஆயுசுக்கும் காளான் தொட்டதில்ல."

பழனிசாமி குனிந்து குடத்தை மாற்றி வைத்தார்.

அது யார் பசி என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெளிந்தது. கல்லூரித் தோழி ஒருத்தியின் நிச்சயதார்த்தத்துக்குப் போன தாரணியை மற்றப் பெண்கள் வலுக்கட்டாயமாக இலையில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஊட்டிவிட, அதே நேரத்தில் லைன் வீட்டில் அடுப்பே பற்றவைக்காத அத்தனை பேரும் வயிறு நிறைந்து ஏப்பம் விட்டார்கள். ஏப்பத்தில் இனிப்பு பீடா வாசம் அடித்தது. தாரணி வாயில் பீடாவோடு சந்துக்குள் நுழைந்தாள். அவ்வளவுதான்.

சரோஜா வழிமறித்துச் சொன்னாள்: "கண்ணு, உன்ற பசி எங்களுக்கு வருது."

வருத்தப்பட வேண்டும் என்று தாரணிக்குத் தெரிந்தது, வருத்தம் வரவில்லை. "எனக்குப் பசிக்கறதில்லீங்கக்கா" என்றாள். அது உண்மை. "சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க" என்று ஆபீஸ் பழக்கத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

வந்த பசியை லைன்காரர்கள் விரட்டப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் ஓடு ஒழுகினால் பாத்திரத்தை நகர்த்தி வைக்கிறவர்கள் அவர்கள், இதற்கும் அப்படியே நகர்ந்து கொடுத்தார்கள். சரோஜா மத்தியானத்திலும் ஒரு ஈடு மாவு ஆட்டினாள். சாயங்காலம் தாரணியின் இடைவேளை நேரத்துக்கு எல்லா வீட்டிலும் தட்டு வைத்தார்கள், அந்த நேரத்தில் யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை என்று ஆயிற்று. கேஸ் சிலிண்டர்காரன் அடிக்கடி வந்தான். தாரணி உடம்பில் குறையக் குறைய மற்றவர்கள் உடம்பில் கூடியது, அதுவும் அவளிடமிருந்து போன இடத்திலேயே போய்ச் சேர்ந்தது. அவள் இடுப்பில் கரைந்தது சரோஜா இடுப்பில் ஏறியது, அவள் கன்னத்தில் போனது ருக்குமணியின் கன்னத்தில் வந்தது, அவளுக்கிருந்த இரட்டைத் தாடை ரங்கசாமிக்கு வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் "அட, தாரணி தாடை" என்றார்கள். ரங்கசாமி ஒரு கையால் லைன்காரர்களின் தையலைப் பிரித்து அகலப்படுத்தினார், இன்னொரு கையால் தாரணியின் சுடிதார்களைப் பிடித்துத் தைத்தார். அங்கே பிரித்த நூலை இங்கே கோத்தார்.

சேதி குளத்துக்கு அந்தப்பக்கமும் போயிற்று. சோறு கண்டால் ஓடுகிற பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள், சாயங்காலமானால் கிண்ணமும் கரண்டியுமாக வந்து லைன் வீட்டுச் சந்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பசி இறங்கும் நேரத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்தன, பருப்புச்சோறு மளமளவென்று இறங்கியது. வந்தவர்கள் போகும்போது சரோஜாவிடம் மாவு வாங்கிக்கொண்டு போனார்கள். வருகிறவர்கள் உட்காரக் கித்தான் சாக்கு விரிக்கவும், முடிந்ததும் கூட்டிப் பெருக்கவும் முறை வைத்துக்கொண்டார்கள். புரட்டாசி வருவதற்குள் அந்தப் பசி, மில் சங்கைப்போல, தண்ணீர் வரும் நாளைப்போல, லைன் வீட்டின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது.

தாரணி மெலிந்துகொண்டே போனாள். கல்லூரியில் பெண்கள் "செமயா இருக்கடி" என்றார்கள், எப்படி என்று கேட்டார்கள், அவள் தோளை அசைத்தாள். ஆபீஸில் சூப்பர்வைசர் அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். அதெல்லாம் வேறு யாருக்கோ சொல்வதுபோல அவளைக் கடந்து போயிற்று. பசி போனபோது தனியாகப் போகவில்லை, கூடவே வேறு சிலதையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. உப்பு தெரியவில்லை. பஸ்ஸில் யாரோ காலை மிதித்தால் கீழே குனிந்து பார்த்துத்தான் மிதிபட்டதைத் தெரிந்துகொண்டாள். போனில் ஒருத்தன் அவள் அம்மாவை இழுத்துக் கெட்டவார்த்தை பேசினான், அவள் அதே குரலில் மன்னிப்புக் கேட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தாள். சீப்பில் கொத்தாக முடி வந்தது. உள்ளங்கை எப்போதும் சில்லென்றிருந்தது. கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிந்த அன்று, இதைத்தானே கேட்டோம் என்று நினைத்தாள், நினைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

ஐப்பசியில் ஒரு முற்பகல் பழனிசாமி குழாயடியில் விழுந்தார்.

விடுமுறை நாள், தாரணி வீட்டில்தான் இருந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது ருக்குமணி அவர் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். அவர் கையில் பாதி தின்ற ஜிலேபி இருந்தது. கால்விரலில் கட்டு, கட்டுக்கு மேலே வீக்கம். சர்க்கரை எகிறி எகிறி ஆறாத புண். ஊருக்குத் தெரியாமல் அவர் மூன்று மாசமாக ஒளிந்து ஒளிந்து தின்றிருக்கிறார். ஆட்டோ வரும் வரைக்கும் மயக்கத்திலும் அவர் வாய் மென்றுகொண்டே இருந்தது.

ருக்குமணி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு உறைத்திருக்காது. சேலைத் தலைப்பால் கணவன் வாயைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "தாரணி, நீ ஒரு வாய் சாப்பிடறயா சாமி? நீ சாப்பிட்டா இவருக்கு அடங்குங்கண்ணு. இவரால இனிமே தாங்க முடியாது."

சரோஜா ஓடிப்போய் ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்தாள். தாரணி குழாயடிக் கல்லில் உட்கார்ந்து தின்றாள். டப்பாவில் காகிதத்தைத் திணிப்பதுபோலிருந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. பழனிசாமியின் வாய் மெல்வதை நிறுத்தியது. விரல்கள் தளர்ந்து ஜிலேபி கீழே விழுந்தது. அவர் பெருமூச்சு விட்டார், சுற்றி நின்ற எல்லோரும் விட்டார்கள். தாரணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமோ பச்சாதாபமோ எதுவும் வரவில்லை. ஆனால் கணக்குப் பாடத்தில் விடை வருவதுபோல ஒன்று மட்டும் தெளிவாக வந்தது: இனிமேல் பட்டினி கிடக்கக்கூடாது.

அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்க்கப்போன தாரணி வராந்தாவில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த வழியாக வந்த டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"பசிக்கறதில்லீங்க மேடம்."

"பசிச்சாத்தான் சாப்பிடுவியா? மணியைப் பார்த்துச் சாப்பிடு. எடை குறையணும்னா நல்லாச் சாப்பிடணும்மா. பருப்பு, முட்டை, காய். வேலைக்குப் போறப்ப கையில டப்பா. கொஞ்சம் நட, நல்லாத் தூங்கு. மெதுவாக் குறையட்டும், என்ன அவசரம்?"

"மணி பாக்க நேரமிருக்காதுங்க. போன் வந்துட்டே இருக்கும்."

பக்கத்தில் பிளாஸ்க்கோடு நின்றிருந்த சரோஜா சொன்னாள்: "மணி எதுக்குங்க? இவ பசி எங்களுக்குத்தான் தெரியுமே. நாங்க சொல்லிக்கறோம்."

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை, ஆனால் வேலை நடக்கும் என்பது விளங்கியது. தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. காலையில் சரோஜா வந்து கதவைத் தட்டுவாள்: "கண்ணு, உனக்குப் பசிக்குது. எந்திரி." ராகி தோசையும் அவித்த முட்டையும் தட்டில் இருக்கும். மத்தியானம் கல்லூரியில் போன் அடிக்கும், ரங்கசாமி பேசுவார்: "பசிக்குது உனக்கு. சோத்தைக் கொறைச்சுக் காயை நெறைய வெச்சு விட்டிருக்கு, ஒதுக்கிப் போடாத." சாயங்காலம், காளான் வண்டியிலிருந்து புகை எழும்புகிற நேரத்துக்கு ருக்குமணி கூப்பிடுவாள். தாரணி டப்பாவைத் திறந்து சுண்டலோ பச்சைப்பயறோ சப்பாத்தியோ எடுத்துத் தின்பாள். போனைக் கீழே வைக்கக்கூடாது. அந்தப் பக்கத்தில் ருக்குமணி தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "இன்னும் ரெண்டு வாய்... ம்ம்... இன்னொண்ணு... போதுங்கண்ணு, நெறஞ்சிருச்சு, மூடி வெச்சிரு." தாரணி மூடி வைப்பாள். வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் மோர், பிறகு தூக்கம். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று சரோஜா கிரைண்டர் நேரத்தை விடிந்த பிறகுக்கு மாற்றினாள். மாவு வாங்க வருகிறவர்கள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். ஆபீஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி அவள் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கைத்தடி ஊன்றின பழனிசாமி மாமாவோடு குளத்துக் கரையில் நடந்தாள். அவருக்கும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருநாள் மட்டும் அவர், "விரல் போனதுக்கு நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றார். "நெனைக்க வரமாட்டேங்குதுங்க மாமா" என்றாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் குளத்துத் தண்ணீரில் மிதந்த நாமக்கோழிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

சாப்பிடத் தொடங்கியதும் எடை முதலில் ஏறியது. கழுத்தெலும்பு மறைந்தது. கல்லூரிப் பெண்கள் "என்னடி, விட்டுட்டியா?" என்றார்கள். பிறகு நின்றது. பிறகு, யாரும் பாராட்டாத வேகத்தில், ஒரு வாரம் துளி குறைந்து, ஒரு வாரம் அசையாமல் நின்று, கார்த்திகைத் தீபத்துக்குக் கொஞ்சம் ஏறி, மார்கழியில் மறுபடி இறங்கி, இறங்கினது தெரியாமல் இறங்கியது. கல்லூரி மாடிப்படியில் முழங்கால் தெறிக்காததை அவள் மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தாள். லைன்காரர்களும் கூடவே இளைத்தார்கள். ரங்கசாமி பிரித்த தையலையெல்லாம் திரும்பப் பிடித்தார், தாடையும் அவரை விட்டுப் போயிற்று. பிள்ளைகளோடு வந்த அம்மாக்கள்தான் பாவம், பசி இப்போது சாதாரணப் பசியாக, அளவாக வந்து அளவாகப் போனதால், ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள்.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் ரங்கசாமி போன் செய்யவில்லை. சாயங்காலம் ருக்குமணியும் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்கள் என்றில்லை. அவர்கள் வயிற்றில் அவர்கள் பசியைத் தவிர வேறொன்றும் இல்லை. குழாயடியில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். "உங்களுக்கு?" "இல்லீங்க. உங்களுக்கு?" "இல்லீங்க." சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனாலும் வாடகைக்கு இருந்தவர் சொல்லாமல் காலி செய்துவிட்டதுபோல அன்றைக்குச் சந்து வெறிச்சென்றிருந்தது, சரோஜா இரண்டு முறை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பசி திரும்பி எங்கே போனது என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அன்று மில் விடுமுறை, ஆபீஸும் விடுமுறை. அப்பாவும் மகளும் ஒரே வீட்டில், ஒரே வெளிச்சத்தில், பல மாசத்துக்குப் பிறகு ஒன்றாக இருந்தார்கள். தாரணி அடுப்படியில் நின்று அரிசிப்பருப்புச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். தாளித்த பூண்டின் வாசம் எழுந்தது, அப்போது அவள் வயிற்றுக்குள் ஏதோ புரண்டு படுத்தது. கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். வலி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வாயில் நீர் ஊறியது. பிறகு, கதவு திறந்ததும் காத்திருந்தவர்கள் எல்லாம் முண்டியடித்து உள்ளே வருவதுபோல, அடுப்பின் சூடும், மிதிபட்ட காலின் வலியும், போனில் அம்மாவை ஏசியவன் குரலும், பழனிசாமி மாமாவின் கால்விரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழத்தான் அவளுக்குத் தெரிந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிடத் திரும்பினாள். தங்கவேல் ஜன்னலோரம் சட்டையில்லாமல் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அவர் விலாவெலும்பை எண்ணிவிடலாம்போல இருந்தது. தோள்பட்டையில் குழி. முதுகுத்தண்டு ஒவ்வொரு கணுவாக நின்றது. லைன் வீடே தின்று பெருத்த அந்த மாசங்களில் இந்த மனுஷன் மட்டும் வற்றியிருக்கிறார், அதை யாரும் பார்க்கவில்லை, ஷிப்டுக்குப் போகிற ஆளை யார் பார்க்கிறார்கள், மடித்து வைத்த சட்டை மட்டுந்தான் எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா. என் பசி உங்களுக்கும் வந்துச்சுங்களா?"

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வராம?"

"எல்லாரும் சாப்பிட்டாங்க. நீங்க ஏன் சாப்பிடல?"

"நீ பட்டினி கெடக்கறப்ப எப்படிச் சாமி எறங்கும்?"

"அப்பறந்தான் நான் சாப்பிட ஆரம்பிச்சுட்டனே."

வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "அப்பறம் பசிக்கலை கண்ணு. பசிக்கறதே இல்லை இப்பெல்லாம். நீ சாப்பிடு."

தாரணி நின்ற இடத்திலேயே நின்று தன் வயிற்றைக் கவனித்தாள். இளம்பெண்ணின் பசி ஒன்று அங்கே கால் மாற்றி மாற்றி நின்றது, அது அவளுடையது, அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, வயசானது, பழைய சோறும் நார்த்தங்காயும் கேட்கிறது, கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாகக் குந்தியிருந்தது.

இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். சட்டிச் சோற்றைச் சரிபாதியாக எடுத்து அதில் போட்டாள்.

"கையைக் கழுவிட்டு வாங்கப்பா," என்றாள், "பொறுக்க முடியாத பசி பசிக்குது உங்களுக்கு."